தரவை விரும்பும் தொழில்துறையாளர் தம்மை அறிமுகம் செய்துகொள்வது எப்படி?

"அறியும் ஆர்வம் மிக்கவன், தரவுகளை விரும்புபவன்" என்று ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வதால் கேட்பவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடுவதில்லை. எந்தக் கேள்விக்கு விடை தேடி எந்தக் கணக்குகளைப் புரட்டினீர்கள், அதன் பிறகு நிறுவனத்தில் என்ன மாறியது என்பதைச் சொன்னால், அந்த இரண்டு அடைமொழிகளையும் கேட்பவரே உங்களுக்குத் தந்துவிடுவார். ஆகவே எழுத உட்காருவதற்கு முன், பணியிடத்தில் நீங்களாகவே எழுப்பிய ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். மேலாளர் கேட்டதற்காகத் தயாரித்த மாதாந்திர அறிக்கை இதற்கு உதவாது.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக (வாங்குபவருக்கும் ஆலைக்கும் இடையே ஆர்டர்களைக் கவனித்து முடித்துக்கொடுப்பவராக) இருப்பவர் தரவுப் பகுப்பாய்வுப் பணிக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அறிமுகம் இவ்வாறு அமையலாம்:

"ஆறு ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராகப் பணிபுரிகிறேன். கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமாகி, எங்கள் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்ந்தபோதெல்லாம் தையல் பிரிவின் மீதே பழி விழுந்தது. அது உண்மைதானா என்று அறிய, ஓராண்டு ஆர்டர்களின் திட்டமிட்ட தேதிகளையும் வேலை நடந்த தேதிகளையும் எக்செலில் அருகருகே வைத்துப் பார்த்தேன். பட்டன், ஜிப், லேபிள் ஆகியவற்றுக்கு வாங்குபவரின் ஒப்புதல் கிடைப்பதற்குள்ளாகவே பெரும்பாலான நாட்கள் கரைந்திருந்தன. அதன்பின், துணி சாயப்பட்டறைக்குப் போகும் வாரத்திலேயே அவற்றையும் ஒப்புதலுக்கு அனுப்பத் தொடங்கினோம். விமானத்தில் போகும் ஆர்டர்களின் விகிதம் குறைந்தது."

கடைசி வாக்கியத்தில் 'விகிதம்' என்ற சொல் காரணத்தோடுதான் இடம்பெற்றிருக்கிறது. 'விமானச் செலவு குறைந்தது' என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த ஆண்டில் ஆர்டர்களே குறைந்திருக்கலாமே என்று கூர்மையான நேர்காணலாளர் உடனே மடக்குவார். உங்கள் முடிவுக்கு வேறு என்ன காரணம் இருந்திருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே யோசித்து, அதற்கான பதிலைக் கையில் வைத்திருங்கள். தரவோடு பழகியவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த நிதானம்தான் என்பது என் கருத்து.

மென்பொருள்களின் பட்டியலை அறிமுகத்தில் அடுக்க வேண்டாம். அதற்குத் தன்விவரக் குறிப்பில் இடம் இருக்கிறது. எக்செல் தாளின் 10,48,576 வரிசைகளுக்குள் அடங்காத தரவைக் கையாள நேர்ந்ததால் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவலைக் கேட்டுப் பெறும் மொழி) கற்றுக்கொண்டீர்கள் என்றால், தேவையோடு சேர்த்து அதைச் சொல்லலாம்.

வாங்குபவரின் பெயர், விலை, வாடிக்கையாளர் விவரங்கள் ஆகியவை எக்காரணம் கொண்டும் வெளிவரக் கூடாது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் நின்றே தம் ஆய்வைச் சொன்னவர்களும் உண்டு. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் 1899இல் பணியில் சேர்ந்த வில்லியம் காசெட், மிகச் சில மாதிரிகளை வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாக முடிவு சொல்ல முடியும் என்ற கேள்வியை ஆராய்ந்தவர். இன்று 'டி-சோதனை' என்று புள்ளியியல் வகுப்புகளில் கற்பிக்கப்படுவதற்கு அடித்தளமான கட்டுரையை அவர் 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில்தான் வெளியிட்டார், ஏனெனில் ஊழியர்கள் தம் சொந்தப் பெயரில் ஆய்வுகளை வெளியிடுவதை ஆலை அனுமதிக்கவில்லை. நீங்கள் புனைபெயர் வரை போக வேண்டியதில்லை. தொகைகளுக்குப் பதிலாக விகிதங்களையும், பெயருக்குப் பதிலாக 'ஐரோப்பிய வாங்குபவர் ஒருவர்' என்பது போன்ற பொதுக் குறிப்பையும் பயன்படுத்தினால் போதும்.

எழுதியதை வாய்விட்டுப் படித்து, ஒரு நிமிடத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். லிங்க்ட்இன் தலைப்பு வரியில் 220 எழுத்துகளுக்கே இடம் உண்டு என்பதால், அங்கே கதையை விட்டுவிட்டுப் பதவி, துறை, நீங்கள் ஆராயும் கேள்வி ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள்: "பின்னலாடை ஏற்றுமதி மெர்ச்சண்டைசர், சரக்குத் தாமதம் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்பதைத் தரவின் வழியே ஆராய்பவர்."