அக்கூஸ்டிக்கிலிருந்து எலெக்ட்ரிக் கிட்டாருக்கு: ஆம்ப் வாங்காமலே தொடங்கலாம்

முதலில் கையைப் பழக்குங்கள், சவுண்டெல்லாம் அப்புறம். அக்கூஸ்டிக்கின் தடித்த 12-53 கம்பியில் (எண்கள் கம்பிகளின் கனத்தைக் குறிப்பவை) பழகிய விரல், எலெக்ட்ரிக்கின் மெல்லிய 9-42 கம்பியை அதே பலத்தோடு அழுத்தினால் சுருதி ஏறிவிடும். ட்யூனரை ஆன் செய்துவிட்டு ஒரே ஃபிரெட்டில் லேசாகவும் அழுத்தியும் வாசித்துப் பாருங்கள், முள் நகர்வது கண்ணுக்கே தெரியும்.

ஆம்புக்கு (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் கருவி) பதில் ஆடியோ இன்டர்ஃபேஸும் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) கம்ப்யூட்டரும் போதும். ஆம்பின் சத்தத்தைக் கம்ப்யூட்டரிலேயே தரும் நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், அருமையான சாஃப்ட்வேர். இன்டர்ஃபேஸில் ‘இன்ஸ்ட்’ (இன்ஸ்ட்ருமென்ட்) பட்டன் இருந்தால் கட்டாயம் அழுத்துங்கள், இல்லையென்றால் சத்தம் மந்தமாக, உயிரில்லாமல் வரும். ஓங்கி அடித்தாலும் சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு இன்டர்ஃபேஸின் கெயின் (உள்ளே வரும் சிக்னலின் அளவு) இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) 128 சாம்பிள் வைத்தால், அதனால் வரும் தாமதம் சுமார் 2.7 மில்லிசெகண்ட்தான். ஆனால் ப்ளூடூத் ஹெட்போன் போட்டால் அத்தனையும் வீண், வயர் உள்ளதுதான் சரி.

ஆம்ப் மாடல் மட்டும் போட்டால் தேனீக்கூட்டம் மாதிரி இரையும். ஸ்பீக்கர் பெட்டியின் ஐஆர் ஃபைலையும் (அந்தப் பெட்டியின் ஒலித்தன்மையைப் பதிந்த ஃபைல்) சேருங்கள்.

டிஸ்டார்ஷனில் (கரகரப்பான ராக் சத்தத்தில்) நீங்கள் வாசிக்காத கம்பிகளும் சத்தம் போடும். தடித்த கம்பிகளை வலது உள்ளங்கையின் ஓரத்தாலும், மெல்லியவற்றை இடது ஆள்காட்டி விரலாலும் தொட்டு அடக்க, ஆம்ப் மாடலின் கெயினைக் குறைவாக வைத்தே பழகுங்கள்.