பேய் வர முதல் மான் திரும்பட்டும்: ஹொரர் சீரிஸ் எடுக்கிற பிள்ளைகளுக்கு

எடிட் முடிந்ததும் உங்கள் எபிசோடை ஒருக்கா சத்தத்தை முழுதாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். எந்த இடத்திலும் நெஞ்சு இறுகவில்லை என்றால் உங்கள் படத்தில் இருந்த பயம் முழுக்க வொலியூம் பட்டனில் இருந்தது.

நான் கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறவள். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டூடியோ. பகலில் தாலி கட்டு, ஆரத்தி, போட்டோவுக்கு நிற்கிற மாமாமார். பொழுதுபட்டால் சொந்தக்காரப் பெடியள், அவர்களுடைய கூட்டாளிமார், ரியூஷனில் பழகினதுகள் என்று யாராவது பென் டிரைவோடு படலையைத் தட்டுவார்கள். "அக்கா, யூடியூப்புக்கு ஹொரர் சீரிஸ் ஒண்டு செய்யிறம், ஒருக்காப் பாருங்கோ." பார்த்தால் எல்லாம் ஒரே கதை. இருட்டு. டொர்ச். ஒருத்தன் மூச்சு வாங்க நடக்கிறான், திரும்புகிறான். வெள்ளைச் சீலை உடுத்தி, முகத்தில் பவுடர் அப்பி, வாயில் சிவப்புச் சாயம் வழிய ஒரு மச்சாள் திரை முழுக்க வந்து கத்துகிறாள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு துள்ளுவது மூளைத்தண்டில் நடக்கிற அனிச்சைச் செயல். சத்தம் விழுந்து கண்ணிமை மூட ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு போதும். என்ன சத்தம் என்று யோசிக்க அதற்குள் நேரம் இல்லை. கைக்குழந்தையும் துள்ளும். குக்கர் விசில் அடித்தாலும் நாங்கள் துள்ளுகிறோம், ஆனால் குக்கரை நினைத்து யாரும் நித்திரை கெடுவதில்லை. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அதே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் துள்ளல் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் இப்படித் தொடங்குகிற சீரிஸ்கள் எல்லாம் ஒரே வழியில் முடிகின்றன. மூன்றாவது எபிசோடில் இரண்டு மடங்கு கத்த வேண்டி வரும், ஐந்தாவதில் கையை வெட்ட வேண்டி வரும், ஏழாவதில் வெட்டுவதற்கு ஆள் மிஞ்சாது.

ஜம்ப் ஸ்கேரே, அதாவது இப்படித் திடீரெனத் துள்ள வைக்கிற காட்சியே, கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே பயந்துபோய் இருக்கிற உயிர் அதே சத்தத்துக்கு இன்னும் பெரிதாகத் துள்ளும் என்று 1951 இலேயே எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஆகவே முதலில் பயத்தை ஏற்றுங்கள், துள்ளல் பிறகு வரட்டும். சீரிஸ் முழுவதற்கும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் முதல் எபிசோடில் செலவழித்துவிடாதீர்கள்.

இரத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் சந்தையில் பாரை மீன் வெட்டுகிறதைப் பார்த்து வளர்ந்த சனத்துக்குச் சிவப்புத் தண்ணீர் காட்டி என்ன பயம்? அளவு மீறினால் யூடியூப் வயதுக் கட்டுப்பாடு போட்டுவிடும், பிறகு பார்க்க ஆளும் வராது.

பயம் எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்க்க வேண்டுமென்றால் 2011 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். உங்களுக்கு ஞாபகம் இராது, வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். உடம்பெல்லாம் கிறீஸ் பூசின ஒருத்தன் இரவில் வீடுகளுக்குள் பூந்து பெண்களைத் தாக்குகிறான் என்று கிழக்கு மாகாணம் முழுக்கக் கதை ஓடியது. கிறீஸ் பூதம் என்றார்கள், மர்ம மனிதன் என்றார்கள். கிண்ணியாவில் அது கடற்படையோடு மோதுகிற அளவுக்குப் போனது. எங்கள் ஒழுங்கையில் ஆம்பிளைகள் பொல்லோடு விடிய விடிய இருந்தார்கள், உள்ளே நாங்கள் கதவுக்குக் குறுக்கே கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தோம். எங்களில் யாரும் அவனைக் கண்டதில்லை. பக்கத்து ஒழுங்கையில் கண்டார்களாம். அங்கே போய்க் கேட்டால் அதற்கடுத்த ஒழுங்கையில்.

சம்பவத்தை விட்டுவிட்டு, கதை கட்டப்பட்ட விதத்தை மட்டும் ஒரு எடிட்டரின் கண்ணால் பாருங்கள். அவனுக்கு முகம் இல்லை. வந்தால் இரவில்தான், அதுவும் தனியாக இருக்கிற வீட்டுக்குத்தான் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. கதை நடக்கிற இடம் கேட்கிறவருடைய வீடு. சேதி சொன்னவர் தெரிந்த ஆள். ஒரு ரூபாய்க்கு மேக்கப் இல்லை, மாகாணமே நித்திரை கொள்ளவில்லை.

வெளிநாட்டில் பேர் வாங்கின இணையத் தொடர்களும் இதே பாதையில்தான் போயிருக்கின்றன. 2009 இல் யூடியூப்பில் தொடங்கின மார்பிள் ஹார்னட்ஸில், கோட் சூட் போட்ட முகமில்லாத ஒரு நெட்டை உருவம் பல இடங்களில் தூரத்தில் சும்மா நிற்கும். அவ்வளவுதான். 2022 ஜனவரியில் கேன் பார்சன்ஸ் பேக்ரூம்ஸ் வீடியோவைப் போட்டபோது அவருக்கு 16 வயது. பிளெண்டர் என்கிற இலவச மென்பொருளில் செய்தது. மஞ்சள் சுவர், ஈரக் கார்பெட், டியூப் லைட் இரைகிற சத்தம், ஆள் இல்லாத அறைக்குப் பின்னால் ஆள் இல்லாத அறை. அதில் ஒரு ஜந்து வரும், அது வருவதற்கு முதலே வயிறு கலங்கிவிடும். அந்த மஞ்சள் அறையை நீங்கள் கொப்பி அடிக்க வேண்டாம். எங்கள் ஊரில் கார்பெட் போட்ட கந்தோர் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்?

இடம் தேடுகிற விஷயத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறீர்கள். "அக்கா, சீனக்குடா எண்ணெய்த் தாங்கியடியில எடுப்பம்", "நிலாவெளி ரோட்டு யுத்த மயானத்தில எடுப்பம்", "கோட்டைக்குள்ள இரவில போவம்." கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, எண்ணெய்த் தாங்கிகளுக்கு அனுமதி வேண்டும். அந்த மயானத்தில் புல்லை ஒழுங்காக வெட்டி, பூக்கன்று வைத்துப் பராமரிக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் செத்த இளம் பிள்ளைகள் படுத்திருக்கிற இடத்தில் டொர்ச் அடித்துக் கத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. அதை விடுங்கள். பார்க்கிறவர் அந்த இடங்களில் வசிக்கவில்லை, காரியம் அங்கேதான் இடிக்கிறது. அவர் படுக்கையில் கிடந்து போனில் பார்க்கிறார். பார்த்து முடித்து எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணி குடிப்பார். படலை பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கிணத்தடிக்குப் போக வேண்டி வரலாம். உங்கள் பேய் அங்கே நிற்க வேண்டும்.

இப்போது ஒரு சீரிஸை ஆரம்பத்திலிருந்து கட்டிக் காட்டுகிறேன். வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு கேட்க மாட்டேன்.

எங்கள் டவுனில் புள்ளிமான் ரோட்டில் திரிவது யாருக்கும் புதினம் இல்லை. அதனால் அதுதான் சரியான சாமான். ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ளை, மேசையில் போனை நிறுத்தி, தான் படிக்கிறதை வீடியோ எடுத்துப் போடுகிறாள். அவளுக்குப் பின்னால் யன்னல். யன்னலுக்கு வெளியே ரோட்டு லைட்டின் கீழ் மூன்று மான். முதல் எபிசோட் முழுக்க அவள் இரசாயனவியல்தான் படிக்கிறாள். மூன்று மானும் ஒரே பக்கம், வளவின் இடதுபக்க மதிலைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. தலைப்பில் மான் என்ற பேச்சே வரக் கூடாது. சிவப்பு வட்டம் போட்டு அம்புக்குறி கீறுகிற ஆளுக்கு இந்தக் கதையைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவதில் அதே மேசை, அதே சட்டகம். மான்கள் இப்போது பார்ப்பது முன்கதவை. மூன்றாவதில் குசினிப் பக்கம். அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒன்று நகர்ந்துகொண்டிருக்கிறது, அது எங்கே என்பதை மான்களின் தலைதான் சொல்கிறது. கணக்கைப் போடுவது பார்க்கிறவர். அவர் போட்ட கணக்கு என்பதால் அவரால் அதை அழிக்க முடியாது. நான்காவதில் எல்லா மானும் யன்னலூடாக அந்தப் பிள்ளையின் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி, வெறுமையான ஒரு இடத்தைப் பார்க்கின்றன. ஐந்தாவதில் மானே இல்லை. வெறும் ரோட்டு. பிள்ளை ஒருக்கா வெளியே எட்டிப் பார்த்து, "இண்டைக்கு மான் ஒண்டையும் காணேல்லை" என்று சிரித்துவிட்டுப் படிக்கத் தொடங்குகிறாள். ஆறாவதில் உங்களுடைய ஒரே ஒரு துள்ளலை வைக்கலாம். முகம் வேண்டாம், கறண்ட் போனால் போதும்.

எடுக்கிற விதம்: போனை ட்ரைபொட்டில் பூட்டி, அதன் கால்கள் நிற்கிற இடத்தை நிலத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு எபிசோடிலும் சட்டகம் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் மாறினது கண்ணில் குத்தும். மான் எங்கே பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம், சட்டகத்துக்கு வெளியே, தம்பி ஒருத்தன் வாழைப்பழத்தோடு நிற்கட்டும். அவை சனத்தின் கையில் சாப்பிட்டுப் பழகினவை, தலையைத் திருப்பும். பொலித்தீன் பையைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள், ஏற்கனவே அதைத் தின்று கஷ்டப்படுகின்றன. கண் மினுங்க வேண்டுமென்றால் சின்ன டொர்ச் ஒன்றை லென்ஸுக்கு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். மானின் கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது, அது வெளிச்சம் வந்த திசைக்கே திருப்பும், டொர்ச் தள்ளிப் போனால் மினுங்காது. பயந்த புள்ளிமான் முன்னங்காலால் நிலத்தைத் தட்டும். அந்தச் சத்தம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

சத்தத்துக்கு வருவோம், என் தொழிலே அதுதான். ஆழமான உறுமல் சத்தம் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறது என்று எல்லோரும் அடியில் ஓட விடுகிறீர்கள். போன் ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த அதிர்வு வெளியில் வராது. ஹெட்செட் போட்டு எடிட் பண்ணின உங்களுக்கு மட்டும் கேட்கும். சங்கிலி, கொண்டி, யன்னல் கொளுக்கி, பல்லி, இவையெல்லாம் எந்த மலிவு போனிலும் கேட்கும். சத்தத்தைக் கூட்டுவதைவிட எடுத்துவிடுவது மேல். முதல் நிமிடத்திலிருந்து சீலிங் ஃபேன் சத்தம் ஓடட்டும். பார்க்கிறவர் அதை மறந்துவிடுவார். பிறகு அது மெல்ல மெல்ல அடங்கி நிற்கட்டும். இதற்காக, ஷூட்டிங் நடக்கிற அறையில் யாரும் கதைக்காமல் ஒரு நிமிடம் வெறும் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள், வெட்டு விழுகிற இடங்களில் ஒட்டுப்போட உதவும். எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றி எக்ஸ்போர்ட் பண்ணினாலும் பிரயோசனம் இல்லை. சராசரிச் சத்தம் மைனஸ் 14 லஃப்ஸை (LUFS, சத்தத்தின் அளவைச் சொல்கிற அலகு) தாண்டினால் யூடியூப் தானாகவே குறைத்துவிடும்.

இன்னொன்று. பாண் விற்க வருகிற ஓட்டோவின் மெட்டு எங்கள் எல்லோருக்கும் தெரியும். விடியக் காலையில் கேட்டால் பசி வரும். அதையே இரவு இரண்டு மணிக்கு, ஒழுங்கை முடக்கில் வைத்து, ஓட்டோ கண்ணில் படாமல் ஓட விட்டுப் பாருங்கள். அது பீத்தோவன் 1810 இல் எழுதின மெட்டு, அதற்கு இப்போது உரிமையாளர் கிடையாது. ஆனால் வேறொருத்தர் வாசித்துப் பதிந்ததை எடுத்தால் யூடியூப் பிடிக்கும், ஆகவே நீங்களே வாசித்துப் பதியுங்கள்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிதாகப் பயமுறுத்துகிற சத்தம் ஒன்று இருக்கிறது. இரவில் ஒரு வான் வந்து படலைக்கு வெளியே எஞ்சினை நிற்பாட்டாமல் நிற்கிற சத்தம். வான் வந்து ஆட்களைக் கடத்திப் போன காலத்தைக் கண்ட என் வயதுக்காரருக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதைப் பாவிக்காதீர்கள் என்று ஒரேயடியாகத் தடை போட மாட்டேன், ஆனால் உங்கள் கதை அந்தச் சத்தத்தைப் பற்றியதாக இருந்தால் மட்டும் தொடுங்கள். காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் ரோட்டில் இருக்கிற தாய்மார் உங்கள் வீடியோவைக் காணக்கூடிய ஊர் இது. ஒரு பெடியன் கொண்டுவந்த எபிசோடில் 2004 சுனாமியின் உண்மையான காட்சிகள் நடுவில் வெட்டி வெட்டி வந்தன. "ஷொக்கா இருக்கும் அக்கா" என்றான். அந்தக் கோப்பை அவன் கண் முன்னாலேயே டைம்லைனிலிருந்து தூக்கினேன். அவன் முகத்தைச் சுளித்தான். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

போட முதல் ஒரு ஆளுக்குக் காட்டுங்கள். கூட்டாளிக்குக் காட்டாதீர்கள், அவன் "சுப்பர் மச்சான்" என்றுதான் சொல்வான். அம்மாவுக்கோ சித்திக்கோ அவர்களுடைய போனிலேயே கொடுத்துவிட்டு, முகத்தை விட்டுக் கையைக் கவனியுங்கள். விரல் சத்தத்தைக் குறைக்கப் போனால் நீங்கள் காதை அடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வெளிச்சத்தைக் கூட்டினால், போனைக் கிட்டக் கொண்டுபோனால், நிறுத்திப் பின்னுக்கு ஓட்டினால், வேலை நடக்கிறது. எந்த நொடியில் நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிற இரண்டு ஷொட்டைத் தூக்கிவிட்டால் அநேகமாக இன்னும் நன்றாக வரும், விளக்கம் எல்லாம் அங்கேதான் வந்து குந்தியிருக்கும்.

அதே போனில் இருட்டையும் சரிபாருங்கள். கும்மிருட்டில் எடுத்த ஷொட் யூடியூப்பில் ஏறும்போது நசிந்து சதுரம் சதுரமாக உடையும். பொழுதுபட்டு வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருக்கும்போதே எடுத்து, எடிட்டில் இருட்டாக்குங்கள். நிழலுக்குள் ஒரு மான் நிற்பது, வெளிச்சம் பாதியில் இருக்கிற பழைய போனிலும் மட்டுமட்டாகத் தெரிய வேண்டும். தம்னெயிலில் முகம் வேண்டாம், பிள்ளையின் கொப்பியும் யன்னலும் போதும்.