புலம்பெயர்ந்த அம்மாக்களையும் பெரியவங்களையும் பாத்துக்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது நாட்டுக்குப் போய் அங்கயே குழந்தை பெத்துக்கற பொண்ணுங்க, பிள்ளைங்களோட இருக்க வந்த வயசான அப்பா அம்மா, இந்த ரெண்டு பேருக்கும் நாம பண்ற பெரிய தப்பு ஒண்ணுதான், அவங்க உடம்பைப் பத்தி அவங்களத் தவிர மத்த எல்லாரும் பேசறோம். நர்ஸ் கேக்கறது பேஷண்ட்கிட்ட, பதில் சொல்றது புருஷன் இல்லன்னா மகன். பாஷை தெரியாதேன்னு உதவியாதான் செய்யறோம், ஆனா அதுல முக்கியமான விஷயம் எல்லாம் விட்டுப்போயிடுது.

பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவோட மனசு எப்படி இருக்குன்னு பாக்க எடின்பரோ ஸ்கேல்னு ஒரு கேள்வித்தாள் 1987லேர்ந்து இருக்கு. மொத்தம் 10 கேள்வி, போன 7 நாள் எப்படி இருந்துச்சுன்னு கேப்பாங்க. கடைசிக் கேள்வி, உங்களை நீங்களே ஏதாவது பண்ணிக்கணும்னு தோணுச்சான்னு. இதை மாமியாரோ புருஷனோ பக்கத்துல உக்காந்து மொழிபெயர்த்துக் கேட்டா எந்தப் பொண்ணு ஆமான்னு சொல்லுவா, அதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுவா. அந்தத் தாள் தமிழ்லயும் இருக்கு, கேட்டு வாங்கி அவளையே தனியா நிரப்ப விடுங்க. முதல் சில நாள் அழுகையா வர்றது சகஜம், 2 வாரம் தாண்டியும் அப்படியே இருந்தா சோம்பேறித்தனம், வீட்டு ஞாபகம்னு நாமளே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட சொல்லணும்.

பல ஊர் ஆஸ்பத்திரில போன்லயோ வீடியோலயோ இலவசமா மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பண்ணித் தருவாங்க, அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேட்டுடுங்க. ஸ்கூல் படிக்கற பிள்ளைய மட்டும் தயவு செஞ்சு அந்த வேலைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. ரத்தப்போக்கு பத்தி அம்மா தன் பையன் வாயால சொல்ல வெக்கப்பட்டு மறைப்பாங்க, கேன்சர்னு டாக்டர் சொல்றதைத் தாத்தாகிட்ட எடுத்துச் சொல்ற பாரமும் அந்தப் பிள்ளை தலையில விழும்.

குழந்தை பொறந்தாச்சு, இனி கவலை இல்லன்னு விடறது இன்னொரு தப்பு. கர்ப்பத்துல பிரஷரே இல்லாதவங்களுக்குக் கூட பிரசவம் ஆகி 6 வாரம் வரைக்கும் அது ஏறி ஆபத்தாகலாம். தாங்க முடியாத தலைவலி, கண்ணு மங்கறது, மூச்சு முட்டறது, ஒரு மணி நேரத்துல ஒரு பேட் முழுக்க நனையற ரத்தப்போக்கு, 38 டிகிரி செல்சியஸோ அதுக்கு மேலயோ காய்ச்சல், இதுல எது வந்தாலும் அடுத்த செக்கப் வரட்டும்னு காத்திருக்காம உடனே கிளம்பணும்.

பெரியவங்க விஷயத்துல மாத்திரைதான் முதல் தலைவலி. ஊர்லேர்ந்து கொண்டு வந்தது ஒரு பை, இங்க எழுதிக் கொடுத்தது ஒரு பை. பாரசிட்டமால்னு நாம சொல்றதுக்கு அமெரிக்கா, கனடாவுல அசிட்டமினோஃபென்னு பேரு, ரெண்டும் வேற மருந்துன்னு நினைச்சு சேத்துப் போட்டுக்கறவங்க இருக்காங்க, சளி மருந்துலயும் அதுவே கலந்திருக்கும். வயசு வந்த ஒருத்தருக்குப் பொதுவா ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச அளவு, ஈரல் பிரச்சனை இருந்தா அதை விடக் கம்மி. அதனால சூரணம், லேகியம் உட்பட வீட்டுல இருக்கற அத்தனையும் ஒரு பையில போட்டு டாக்டர் முன்னாடி கொட்டிடுங்க, திட்டுவாங்கன்னு மறைக்க வேணாம்.

நேத்து வரைக்கும் நல்லா பேசிட்டிருந்தவர் இன்னைக்குத் திடீர்னு குழம்பிப் பேசினா வயசாயிடுச்சுன்னு விடாதீங்க, சிறுநீர்த் தொற்று, உடம்புல நீர் வத்தறது, புது மாத்திரை, இப்படி எதுவா வேணா இருக்கும், அன்னைக்கே காட்டணும். கொஞ்சம் கொஞ்சமா வர்ற ஞாபக மறதி வேற, அதுல பின்னாடி கத்துக்கிட்ட பாஷை பல பேருக்கு முதல்ல நழுவும். அந்த பாஷைலயே ஞாபக டெஸ்ட் வெச்சா மார்க் நிஜத்தை விடக் குறைஞ்சுதான் வரும், தாய்மொழில வைக்கச் சொல்லிக் கேளுங்க.

கடைசியா ஒண்ணு, புரிஞ்சுதான்னு கேட்டா பெரியவங்க மரியாதைக்குத் தலையாட்டுவாங்க, அதை நம்பிடாதீங்க. டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது "அப்பா, இந்த மாத்திரை எப்ப போடணும்னு சொன்னாங்க, நீங்களே சொல்லுங்க பாப்போம்"னு கேளுங்க, தப்பா சொன்னா அங்கயே நர்ஸைக் கூப்பிட்டு மறுபடி சொல்ல வெச்சுட்டு வீட்டுக்குக் கிளம்புங்க.