காதைத் திறந்து வைத்த பிறகு

அனுமதி பெற்ற காட்டுப் பகுதியில் மெட்டல் டிடெக்டருடன் பழம்பொருள் தேடியபோது, இரு காதுகளையும் இறுக மூடும் ஹெட்போனை அணிந்திருந்ததால், குட்டிகளுடன் வந்த காட்டுப்பன்றி 10 அடி தூரத்தில் உறுமும்வரை நான் அதை உணரவில்லை. ஓடாமல், அதன் மேல் கண் வைத்தபடியே மெல்லப் பின்வாங்கினேன்.

அன்றே, கன்ன எலும்பின் வழியே ஒலியை அதிர்வாகக் கடத்தி, காதுத் துளையைத் திறந்தே விடும் ஹெட்போனுக்கு மாறினேன். இரும்புத்தாது மிகுந்த மண்ணில் டிடெக்டர் ஓயாமல் கிறீச்சிட்டதால், மண்ணின் தாதுக்களைக் கருவி பொருட்படுத்தாமல் இருக்கச் செய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் அமைப்பைச் சரிசெய்து உணர்திறனையும் குறைத்தேன். எட்டும் ஆழம் சற்றுக் குறைந்தாலும், புதைந்த உலோகம் தரும் உண்மையான ஒலி தெளிவாகப் பிரிந்து கேட்டது.

குனிவதற்கு முன் சருகைக் கழியால் விலக்கும் பழக்கமும் வந்தது. அப்படி விலக்கியபோது சுருண்டு கிடந்த பாம்பு நகர்ந்து போகும்வரை காத்திருந்து தோண்டியதில், பச்சைக் களிம்பேறிய பித்தளைப் பொத்தான் ஒன்று கிடைத்தது.