ஆரஞ்சு ஆற்றங்கரைக்கும் போர்ட் நொல்லோத்துக்கும் வேலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வட கேப் மாநிலத்திற்குத் திராட்சை அறுவடைக்கோ மீன்பிடிப்புக்கோ செல்ல நினைக்கும் நம்மவர்கள், இரண்டு இடங்களும் பாலை நிலம்தான் என்று எண்ணி ஒரே விதமாக மூட்டை கட்டிவிடக் கூடாது. ஆரஞ்சு ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டங்கள் உள்ள அப்பிங்டன், காகாமஸ் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆரஞ்சு ஆற்று வாய்க்கால் பாயும் குறுகிய கரையைத் தவிர மற்றதெல்லாம் பொட்டல். மீன்பிடிப்பு நடக்கும் மேற்குக் கரையிலுள்ள போர்ட் நொல்லோத்திலோ, பெங்குவேலா குளிர் நீரோட்டத்தால் கோடையிலும் கடல் சில்லென்றிருக்கும். மூடுபனியும் அடிக்கடி இறங்கும்.

தோட்ட வேலையில் முதல் ஆபத்து வியர்வை தெரியாமல் போவதே. டர்பனின் புழுக்கத்தில் சட்டை நனைந்து உடல் நம்மை எச்சரிக்கும். அங்குள்ள வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இருபது நிமிடத்திற்கு ஒரு முறை ஒரு குவளை தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர்மஞ்சளானால் குடித்தது போதவில்லை என்று பொருள். கடிகாரம் ஒன்றே என்றாலும் அப்பிங்டனில் சூரியன் டர்பனைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் பிந்தியே உதித்து மறைவதால், மாலை நான்கு மணிக்கும் வெயில் தணிந்திருக்கும் என்று நம்ப வேண்டாம்.

கொத்தை அறுக்கும்போது காம்பை மட்டுமே பிடியுங்கள். பழத்தின் மேலுள்ள வெண்பூச்சில் விரல் பட்டால் அந்தத் தடம் மறையாது. பெட்டியில் பார்ப்பவர் அதைத்தான் முதலில் கவனிப்பார். அழுகிய பழத்தை முனை மழுங்கிய கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு, கொத்துகளை ஒரே அடுக்காகப் பரப்பி உடனே நிழலுக்குக் கொண்டு போக வேண்டும். வெயிலில் வைத்தால் பழத்திற்கு முன் காம்புதான் பழுப்பேறும். காலணியை உதறிவிட்டுப் போடுங்கள்: இடுக்கி மெலிந்து வால் பருத்த தேளே கொடியது. அது கொட்டினால் கீறுவதும் கட்டுவதும் வேண்டாம், நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

வேலை விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. 1997ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டப்படி வாரத்திற்கு 45 மணி நேரமே வழக்கமான வேலையின் உச்சவரம்பு. அதற்கு மேல் செய்வது கூடுதல் ஊதியத்திற்குரியது. தங்குமிடத்திற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதைப் பேருந்து ஏறுவதற்கு முன்பே கேளுங்கள்; போன பின் கேட்பது பயன் தராது.

கடல் வேலைக்குக் கம்பளி உள்ளாடை, நீர்புகாத மேலங்கி, உயிர்காப்புச் சட்டை மூன்றும் வேண்டும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அந்தக் குளிர்நீரில் விழுந்ததும் மூச்சுத் திணறி, சில நிமிடங்களில் கைகால் விறைத்துவிடும் என்பதால், உயிர்காப்புச் சட்டையைப் படகில் ஏறும்போதே அணிந்துகொள்ளுங்கள். பண்ணைக்குரிய வேலை நேர வரம்பைப் படகில் எதிர்பார்க்க முடியாது. கூலியா, பிடிபடும் மீனில் பங்கா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பங்கு என்றால், டீசல், இரை, பனிக்கட்டிச் செலவைப் பங்கு பிரிப்பதற்கு முன் கழிப்பார்களா, பின் கழிப்பார்களா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.