ஹெட்லைட் வெளிச்சத்தைக் கூட்ட: எச்4 பல்பைத் தேர்ந்தெடுத்து மாற்றும் முறை

இரவில் சாலை சரியாகத் தெரியவில்லை என்று உதிரிபாகக் கடையில் சொன்னால், பெரும்பாலும் முதலில் எடுத்து வைக்கப்படுவது 100/90 வாட்ஸ் பல்பு (முதல் எண் பிரைட் இழைக்கு, இரண்டாவது டிம் இழைக்கு). அடுத்து வருவது நீலச்சாயம் பூசிய ‘வெள்ளை’ பல்பு. இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. பல சிறிய கார்களில் உள்ள 60/55 வாட்ஸ் எச்4 ஹாலோஜன் பல்பை வைத்தே இவ்விளக்கத்தை எழுதுகிறேன். உங்கள் காரில் இருப்பது எச்7, எச்11 போன்ற வேறு வகையா என்பதைக் கார் கையேட்டிலோ பழைய பல்பின் அடிப்பாகத்திலோ பார்த்து உறுதிசெய்துகொள்ளவும்.

முதல் படி: வெளிச்சம் எங்கே தொலைகிறது?

இன்றைய கார்களில் ஹெட்லைட்டின் முன்மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலில் அது மஞ்சளித்து மங்கியிருந்தால் எந்த பல்பு போட்டும் பயனில்லை. 1000, 2000, 3000 எண் உப்புத்தாள்களை வரிசையாக நீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்றையும் அடிக்க வேண்டும். பூச்சை விட்டுவிட்டால் மஞ்சள் விரைவில் திரும்பி வரும்.

அடுத்து மின்னழுத்தம். என்ஜினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டு, பல்பின் பின்னால் மாட்டியிருக்கும் மூன்று முனைக் கப்ளரின் பின்புறத்தில் மல்டிமீட்டர் ஊசிகளை வைத்து அளந்து பாருங்கள். பல்புகளின் வெளிச்சம் 13.2 வோல்ட்டில் அளக்கப்படுகிறது. மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், துருப்பிடித்த எர்த் ஆகியவற்றால் 12 வோல்ட் மட்டுமே வந்து சேர்ந்தால், வெளிச்சத்தில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். எர்த்தைச் சுரண்டித் துடைத்தும் சரியாகாவிட்டால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடி மின்சாரம் தரும் ரிலே வயரிங் கிட் ஒன்றை மாட்டலாம். இதன் பிறகு புதிய பல்பே தேவைப்படாமலும் போகலாம்.

இரண்டாம் படி: பல்பைத் தேர்ந்தெடுத்தல்

55 வாட்ஸ் டிம் இழை 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் இழுக்கும். 90 வாட்ஸ் இழை 7.5 ஆம்பியர் இழுக்கும். வயரில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அது இரண்டரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. கடைக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டு நானும் ஒருமுறை 100/90 போட்டேன். மூன்று வாரம் கழித்து ஓர் இரவு காருக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. கழற்றிப் பார்த்தபோது கப்ளர் பழுப்பாகி உருகி, பல்பின் முனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்தவர்கள் அந்த மூன்று வாரமும் என்னைத் திட்டியிருப்பார்கள் என்பது தனிக்கதை.

நீலச்சாயப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டுமே தவிரக் கூட்டாது. மழை நேரத்தில் இன்னும் மங்கலாகத் தெரியும். எல்இடி பல்புகளிலும் எச்சரிக்கை தேவை. எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். ஒளி பிரதிபலிப்பானின் மேல்பாதிக்கு மட்டும் சென்று சாலையை நோக்கித் தாழ்ந்து விழுவது அதனால்தான். இழை இருக்கும் அதே இடத்தில், அதே அளவில் எல்இடி சில்லு அமையாவிட்டால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்து, ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

ஆகவே அதே 60/55 வாட்ஸில், தரமான நிறுவனத்தின் ‘கூடுதல் வெளிச்ச’ ரகத்தை வாங்குங்கள். அட்டையில் ‘130% கூடுதல்’ என்றிருந்தால் மொத்த வெளிச்சம் இரு மடங்குக்கு மேல் என்று நினைத்துவிடாதீர்கள். தரவிதியின்படி எச்4 டிம் இழை தர வேண்டியது 1000 லூமென் (மொத்த வெளிச்சத்தை அளக்கும் அலகு). அதில் 15% ஏறலாம் அல்லது இறங்கலாம், அவ்வளவே. இழையை மெல்லியதாகவும் துல்லியமாகவும் அமைத்து, ஒளியைச் சாலையின் தொலைவான பகுதியில் குவிப்பதில்தான் அந்த ஆதாயம் இருக்கிறது. மெல்லிய இழை சீக்கிரம் அறும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: மாட்டுதல்

விளக்கை அணைத்து, பல்பு ஆறிய பிறகு கப்ளரை நேராக இழுத்து எடுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை விடுவிக்கவும். புதிய பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. படிந்த எண்ணெய்ப் பசை சூட்டில் கண்ணாடியைப் பழுதாக்கும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்கவும். விளிம்பிலுள்ள மூன்று காதுகளில் அகலமானது மேலே வரவேண்டும். ரப்பர் மூடியை இறுக்கமாகப் பொருத்தாவிட்டால் மழைக்காலத்தில் உள்ளே நீர்கோக்கும். இருபுறமும் ஒன்றாகவே மாற்றவும்.

நான்காம் படி: குறி சரிபார்த்தல்

டயர்களில் காற்றைச் சரிபார்த்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தவும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்துக்கொண்டு, டிம் ஒளியின் மேல்விளிம்பு அதற்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி, விளக்கின் பின்னுள்ள திருகைத் திருப்பவும். இந்தியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்த விளிம்பு இடது ஓரத்தில் மட்டும் சற்று மேலேறியிருக்கும், அது பிழையன்று.

கழற்றிய பல்புகள் இன்னும் எரிகின்றன என்றால், புதியவை வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய இழை வழியில் அறுந்தால் வீடு வந்து சேர அவை போதும்.