ஆளில்லாத ஊரைப் பதிவு செய்யப் போகிறீர்களா?

பாழடைந்த ஊருக்குள் இறங்கிய உடனே கேமராவைத் தூக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஊர் ஏன் காலியானது என்பதை முதலில் படித்துவிட்டுப் போங்கள். அது தெரிந்தால்தான் எதைத் தேடுவது, எதற்குப் பயப்படுவது என்று புரியும். தனுஷ்கோடியை 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் அழித்தது. அங்கே மிஞ்சிய சுவர்களைத்தான் படிக்க வேண்டும். நமீபியாவின் கோல்மன்ஸ்கோப் அப்படியல்ல. தெற்கே இன்னும் வளமான வைரப் படுகை கிடைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெறிச்சோடிப்போன ஊர் அது. பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவில் 1962இல் சுரங்கத்தில் பிடித்த தீ இன்னும் பூமிக்கடியில் எரிகிறது. அங்கே பயப்பட வேண்டியது பேய்க்கு அல்ல, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போகாதீர்கள். மரப்படியில் ஏற வேண்டியிருந்தால் சுவரோரமாகக் கால் வையுங்கள். உளுத்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மாடியை மறந்துவிடுங்கள்.

முதல் சுற்று வெறும் நடைதான். கையால் ஒரு வரைபடம் போட்டு, கட்டடத்துக்கு ஓர் எண் கொடுங்கள். குறிப்பேட்டிலும் படத்தின் பெயரிலும் அதே எண் வரட்டும். ஒவ்வோர் அறையையும் வாசலிலிருந்து ஒன்று, மூலைக்கு ஒன்று என எடுத்த பிறகே நெருக்கப் படங்கள். சின்னப் பொருளென்றால் பக்கத்தில் அளவுகோல் இருக்கட்டும்.

எதையும் நகர்த்தாதீர்கள். செர்னோபில் அணு உலை விபத்தால் 1986இல் காலிசெய்யப்பட்ட பிரிப்யாத் நகரத்தில், படத்துக்காகப் பொம்மைகளையும் முகமூடிகளையும் அடுக்கிவைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. தூசி இதைக் காட்டிக்கொடுக்கும்: சுற்றிலும் கனமாகப் படிந்திருக்க, பொருளின் மேல் மட்டும் மெல்லிசாக இருந்தால் அது பிற்பாடு வந்து உட்கார்ந்தது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரில் நிறம் மங்காத செவ்வகம் தெரிந்தால், மேலே ஆணி ஓட்டை இருக்கிறதா பாருங்கள். ஏதோ படம் மாட்டியிருந்த இடமாக இருக்கலாம். டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் நிழலோடு எழும்பி வரும். நிலைக்கட்டையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகள்கூட இப்படித்தான் அகப்படும்.

அங்கே வாழ்ந்தவர்கள் கிடைத்தால் "ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், பெருமூச்சுதான் பதிலாக வரும். வரைபடத்தை நீட்டி, "இந்த வீட்டில் யார் இருந்தாங்க?" என்று கேளுங்கள். சம்மதம் வாங்கி ஒலிப்பதிவு செய்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். காவலில்லாத இடமானால் துல்லியமான இருப்பிடத்தை வெளியிட வேண்டாம். கதவு, ஜன்னலைக் கழற்றுகிறவர்களும் அதைப் படிப்பார்கள்.